ஆஞ்சியோ டை: அயோடினுக்கு மாற்று தேடுறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

டை போட்டு சிடி ஸ்கேன் எடுத்தவங்களுக்கு அந்த ஃபீலிங் நல்லா தெரியும், கையில இருக்கிற ஊசி வழியா மருந்து இறங்கின சில நொடியிலயே தொண்டையில ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் சூடா ஒரு அலை பரவும், வாய்ல உலோகத்தை நக்குன மாதிரி ஒரு ருசி வரும், யூரின் போயிட்டோமோன்னு கூட சிலருக்கு சந்தேகம் வந்துடும், ஒரு நிமிஷத்துல எல்லாம் அடங்கிடும். டைன்னு பேரு வச்சிருந்தாலும் அது சாயம் கிடையாது. பாட்டில்ல பார்த்தா தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருக்கும், கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற விஷயம் அயோடின்.

இந்த அயோடின் எதுக்கு? எக்ஸ்ரேல எலும்பு தெரியுதுன்னா அதுல கால்சியம் இருக்கு. ஆனா ரத்தம், தசை, ரத்தக்குழாயோட சுவர் எல்லாமே பெரும்பாலும் தண்ணிதான், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன்னு லேசான அணுக்கள், எக்ஸ்ரேக்கு இதுல எது குழாய் எது தசைன்னு வித்தியாசமே தெரியாது. ஒரு அணு எக்ஸ்ரேவை விழுங்குற திறமை அதோட அணு எண்ணோட கனத்துக்கு (அணு எண் × அணு எண் × அணு எண்) ஏத்த மாதிரி ஏறும்னு தோராயமா சொல்லலாம், கால்சியம் 20, அயோடின் 53. அதனால ரத்தத்துக்குள்ள அயோடின் ஓடுறப்ப மட்டும் குழாய் பளிச்சுன்னு தெரியும், அடைப்பு இருந்தா அந்த இடத்துல நூல் மாதிரி சுருங்கித் தெரியும்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் அளவு. சிடி ஆஞ்சியோவுக்கு மில்லிக்கு 350 மில்லிகிராம் அயோடின் இருக்கிற டை 100 மில்லி போட்டா உடம்புக்குள்ள போறது 35 கிராம் அயோடின். தைராய்டுக்காக நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான், அப்படின்னா ஒரே ஊசியில போறது 600 வருஷத்துக்கும் மேல வரக்கூடிய அளவு! அந்த அயோடின் ஒரு பென்சீன் வளையத்துல இறுக்கமா ஒட்டியிருக்கிறதால உடம்பு அதை எடுத்து யூஸ் பண்ணாது, கிட்னி வடிகட்டி யூரின்ல தள்ளிடும், கிட்னி நல்லா இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சுட்டே வரும், மறுநாளைக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே வெளிய போயிடும். பத்து இருபது கிராம் கணக்குல உள்ள போகணும், ஒரே நாள்ல சொச்சம் இல்லாம வெளிய வரணும். மாற்று டை செய்யறேன்னு வர்ற ஒவ்வொருத்தரும் மாட்டிக்கிறது இந்த ரெண்டாவது பாதியிலதான், இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வர்றதும் அதுதான்.

பழைய கதை கொஞ்சம் தெரிஞ்சாதான் இது புரியும். ரான்ட்ஜன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடிச்சது 1895 நவம்பர், 1896 ஜனவரியிலயே வியன்னாவுல ஹாஷெக், லிண்டன்தால்னு ரெண்டு பேர் வெட்டி எடுத்த ஒரு கையோட ரத்தக்குழாய்ல சுண்ணாம்பும் பாதரச சல்ஃபைடும் பெட்ரோலியமும் கலந்த கலவையை ஏத்தி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எக்ஸ்ரே காட்டி படம் எடுத்துட்டாங்க. படம் அருமையா வந்துச்சு, ஆனா உயிரோட இருக்கிறவங்களுக்கு அதைப் போட முடியாதுன்னு சொல்லவே வேண்டாம். அயோடின் பக்கம் வந்தது தற்செயலா நடந்தது, அந்தக் காலத்துல சிஃபிலிஸ் நோய்க்கு சோடியம் அயோடைடு கொடுப்பாங்க, 1923ல மேயோ கிளினிக்ல ஆஸ்போர்ன் அந்த மாதிரி நோயாளிகளோட மூத்திரப்பை எக்ஸ்ரேல தெரியுறதைப் பார்த்தார். 1927ல லிஸ்பன்ல ஈகஸ் மோனிஸ் மூளை ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்க முதல்ல ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு போட்டுப் பார்த்தார், ஒரு நோயாளி இறந்தே போனார், அப்புறம் 25 சதவீத சோடியம் அயோடைடுக்கு மாறினதுக்கு அப்புறம்தான் படம் கிடைச்சுது. வெறும் அயோடைடு உப்பு குழாயை எரிக்கும், பயங்கரமா வலிக்கும்.

அப்பதான் தோரோட்ராஸ்ட் வந்துச்சு. தோரியம் டை ஆக்சைடை நுண்துகளா தண்ணியில மிதக்க விட்ட திரவம். தோரியத்தோட அணு எண் 90, படம் அயோடினை விட பிரமாதமா வரும், போடும்போது வலி கிடையாது, அலர்ஜி பெருசா கிடையாது, கிட்னிக்கு ஒண்ணும் ஆகாது, மோனிஸே 1931ல இதுக்கு மாறிட்டார். இன்னைக்கு மாற்று டைக்கு நாம என்னென்ன கேக்குறோமோ கிட்டத்தட்ட அத்தனையும் அதுல இருந்துச்சு, ஒண்ணைத் தவிர. அது வெளிய வரல. அந்தத் துகள்களை கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் இருக்கிற விழுங்கு செல்கள் பிடிச்சு உள்ள வச்சுக்கிச்சு, சாகுற வரைக்கும் அங்கயேதான். தோரியம் கதிரியக்கப் பொருள் வேற, வருஷக்கணக்கா கல்லீரலுக்குள்ள உக்காந்து ஆல்ஃபா கதிர் விட்டுட்டே இருந்துச்சு. 20, 30 வருஷம் கழிச்சு அந்த நோயாளிகளுக்கு கல்லீரல் கேன்சர் வர ஆரம்பிச்சுது, அதுலயும் சாதாரணமா ரொம்ப அபூர்வமான ஆஞ்சியோசார்கோமா. 1950கள் வரைக்கும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவங்களுக்கு இதைப் போட்டிருக்காங்க. தலைவலிக்கு ஒரு ஆஞ்சியோ எடுத்துட்டு அதையே மறந்து போன ஒருத்தருக்கு முப்பது வருஷம் கழிச்சு கல்லீரல்ல கட்டி வருதுன்னா, நினைச்சாலே மனசு கனத்துப் போகுது.

அயோடின் பக்கம் வேலை மெதுவா ஆனா சரியான திசையில போச்சு. 1929ல மோசஸ் ஸ்விக் ஜெர்மனியில யூரோசெலக்டான்ங்கிற மருந்தை வச்சு கிட்னி படம் எடுத்துக் காட்டினார், அயோடினை ஒரு கரிம வளையத்துல கட்டிப் போட்டா உடம்பு தாங்கும்னு அதுல தெரிஞ்சுது. 1950கள்ல பென்சீன் வளையத்துல மூணு அயோடின் வச்ச டயாட்ரிசோவேட் வந்துச்சு. ஆனா அது உப்பு, தண்ணியில கரைஞ்சா ரெண்டா பிரியும், ரத்தத்தோட ஆஸ்மோலாலிட்டி (திரவத்துல கரைஞ்சிருக்கிற துகள்களோட செறிவு) 290 சுமார்னா இதுக்கு 1500க்கு மேல. ஊறுகாய்க்கு உப்பு போட்டா காய் தண்ணி விடுதே, அதே வேலையை இது ரத்தக்குழாய்க்குள்ள பண்ணும், சுத்தி இருக்கிற செல்கள்ல இருந்து தண்ணியை இழுக்கும், அதனாலதான் அந்தக் காலத்து டை போட்டா எரிச்சல் தாங்க முடியாம நோயாளிங்க கத்துவாங்க.

இதை உடைச்சவர் ஸ்வீடனைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் டோர்ஸ்டன் ஆல்மேன். உப்பு குறைவான பால்டிக் கடல்ல கண்ணைத் திறந்து நீந்தினா எரியாது, உப்பு அதிகமான கடல்ல நீந்தினா எரியும், அதே மாதிரி குழாய் எரியுறதுக்கும் காரணம் அயோடின் இல்ல, துகள்களோட எண்ணிக்கைதான்னு யோசிச்சார். 1960கள் கடைசியில அவர் சொன்னது, தண்ணியில ரெண்டா பிரியாத மூலக்கூறு செய்யுங்கன்னு. கம்பெனிகள் கதவைத் திறக்கல, கடைசியில ஆஸ்லோவுல நைகார்ட் கம்பெனி எடுத்துக்கிச்சு, மெட்ரிசமைடு வந்துச்சு, 1982ல ஐயோஹெக்சால், 1990கள்ல ரெண்டு வளையத்தைச் சேர்த்துக் கட்டின ஐயோடிக்சனால். கணக்கு சிம்பிள்தான், பழைய உப்புல மூணு அயோடினுக்கு ரெண்டு துகள், ஐயோஹெக்சால்ல மூணு அயோடினுக்கு ஒரு துகள், ஐயோடிக்சனால்ல ஆறு அயோடினுக்கு ஒரு துகள், அது ரத்தத்துக்கு சமமான 290. ஆனா மூலக்கூறு பெருசாக பெருசாக திரவம் கெட்டியாகும், அதனால ஊசி போடுறதுக்கு முன்னாடி உடம்பு சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வைப்பாங்க.

அப்ப இன்னைக்கு இருக்கிற டைல என்ன குறைன்னு கேட்டா, நேர்மையா சொல்லணும்னா இது மருத்துவத்துல ரொம்பவே பாதுகாப்பான மருந்துகள்ல ஒண்ணு. கிட்னி பயம் ரொம்ப நாளா பெருசா பேசப்பட்டுச்சு, ஸ்கேனுக்கு அப்புறம் ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு) ஏறினா எல்லாத்துக்கும் டை மேலயே பழி போட்டாங்க, டை போடாத நோயாளிகளோட ஒப்பிட்டுப் பார்த்ததுல பல நேரம் அந்த ஏற்றம் நோயாலயே வந்ததுன்னு தெரிஞ்சுது, 2020ல அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷனும் சேர்ந்து சொன்னதும், கை நரம்பு வழியா போடுற டைல உண்மையான ரிஸ்க் முக்கியமா கிட்னி வடிகட்டும் அளவு (ஜிஎஃப்ஆர்) நிமிஷத்துக்கு 30 மில்லிக்கு கீழ இருக்கிறவங்களுக்குத்தான்னு. ஆனா அந்த 30க்கு கீழ இருக்கிறவங்க யாருன்னு பாருங்க, சர்க்கரை, பிரஷர், கால் ரத்தக்குழாய் அடைப்பு, இதய அடைப்புன்னு ஆஞ்சியோ ரொம்பத் தேவைப்படுறவங்களே அவங்கதான். இதயத்துல டியூப் விட்டு தமனிக்குள்ள நேரா போடுறப்ப டை நீர்த்துப் போகாம கிட்னிக்குப் போய்ச் சேரலாம், அது இன்னும் கவனமா பார்க்க வேண்டிய இடம். இது இல்லாம தைராய்டு பிரச்சனை இருக்கு, அபூர்வமா ஆனா நிஜமா உயிருக்கு ஆபத்தான அலர்ஜி இருக்கு. (இறால் நண்டு அலர்ஜி இருந்தா டை போடக்கூடாதுன்னு ஒரு நம்பிக்கை இன்னும் ஓடிட்டிருக்கு, அது தப்பு, அந்த அலர்ஜிக்குக் காரணம் ட்ரோபோமயோசின்ங்கிற புரதம், அயோடினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தயவுசெஞ்சு இதுக்காக யாரும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க.)

சப்ளையும் ஒரு தலைவலி. உலகத்து அயோடின்ல பாதிக்கு மேல சிலி நாட்டுல இருந்து வருது, அடுத்து ஜப்பான். 2022ல கோவிட் லாக்டவுன்ல ஜிஇ ஹெல்த்கேரோட ஷாங்காய் ஃபேக்டரி நின்னப்ப பல நாடுகள்ல ஆஸ்பத்திரிகள் அவசரம் இல்லாத ஸ்கேன்களை வாரக்கணக்கா ஒத்திவச்சாங்க. ஒரே பொருளை நம்பி மொத்த ரத்தக்குழாய் மருத்துவமும் நிக்குதுன்னு அப்பதான் பலருக்கு உறைச்சுது. இன்னொண்ணு, உடம்பு சிதைக்காம வெளிய தள்ளுதுன்னு மேல பெருமையா சொன்னேன்ல, அதே காரணத்தால சாக்கடை சுத்திகரிப்பு நிலையமும் இதைப் பெருசா சிதைக்கிறதில்ல, ஆத்துத் தண்ணியில போய்ச் சேருது.

இப்ப மாற்றுக்கு வருவோம், இதுல ஃபிசிக்ஸ் கொஞ்சம் பொறுமையா பார்க்கணும், ஏன்னா "அயோடினை விட கனமான தங்கம், அதனால படம் இன்னும் நல்லா வரும்"னு எழுதுற பல செய்திகள் பாதி உண்மையைத்தான் சொல்லுது. ஒவ்வொரு தனிமத்துக்கும் கே-எட்ஜ்னு ஒரு சக்தி அளவு இருக்கு, அந்த அளவைத் தாண்டின உடனே அது எக்ஸ்ரேவை விழுங்குற திறன் சட்டுன்னு எகிறும், அப்புறம் மெதுவா இறங்கும். அயோடினுக்கு அது 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கடோலினியத்துக்கு 50, இட்டெர்பியத்துக்கு 61, தாண்டலத்துக்கு 67, தங்கத்துக்கு 81, பிஸ்மத்துக்கு 90. இதயத்துக்கு ஆஞ்சியோ பண்ற கேத் லேப் மெஷின் சாதாரணமா 70, 80 கிலோவோல்ட்ல ஓடும், அதுல வர்ற எக்ஸ்ரேவோட சக்தி பெரும்பாலும் 40, 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம்தான், அங்க கிராமுக்கு கிராம் எடைபோட்டா அயோடின்தான் தங்கத்தை ஜெயிக்கும், தங்கத்தோட எட்ஜையே அந்த மெஷின் கிட்டத்தட்ட தொடாது. சிடி ஸ்கேன் வேற, 120 கிலோவோல்ட், குண்டான உடம்புன்னா 140, அதுல சக்தி அதிகமான எக்ஸ்ரேதான் உடம்பைத் தாண்டி வெளிய வருது, அங்க அயோடின் பலவீனமாயிடும். 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல தாண்டலம் அயோடினை விட சுமார் 2 மடங்கு விழுங்கும், 100ல தங்கம் இரண்டரை மடங்குக்கு மேல. அதனால எல்லாத்துக்கும் ஒரே மாற்றுன்னு ஒண்ணு வராது, கேத் லேபுக்கு ஒண்ணு, சிடிக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சுதான் போகும்னு எனக்குத் தோணுது.

கேத் லேபுக்கு ஏற்கனவே கையில இருக்கிற மாற்று கார்பன் டை ஆக்சைடு வாயு. கேக்கவே பயமா இருக்கும், ரத்தக்குழாய்க்குள்ள காத்தா? ஆனா இது காத்து இல்ல, ஆக்சிஜனை விட 20 மடங்கு போல ரத்தத்துல கரையும், நுரையீரல் வழியா மூச்சுல வெளிய போயிடும். அலர்ஜி கிடையாது, கிட்னிக்கு விஷம் கிடையாது. ரத்தத்தைத் தள்ளிட்டு அந்த இடத்தை வாயு பிடிச்சுக்கும், எக்ஸ்ரே அங்க மட்டும் தடையில்லாம போகும், டையுக்கு நேர் தலைகீழ் படம், கம்ப்யூட்டர் கழிச்சுக் காட்டும்போது குழாய் தெளிவா வரும். 1970கள்ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல ஹாக்கின்ஸ் இதைத் தமனிகளுக்குக் கொண்டு வந்தார். கால் தமனி, கிட்னி தமனின்னு உதரவிதானத்துக்கு கீழ நல்லா வேலை செய்யும், வாயுவுக்குக் கெட்டித்தன்மை ரொம்பக் குறைவுங்கிறதால சின்ன கசிவைக் கூட சில நேரம் டையை விட நல்லா காட்டிக் கொடுக்கும். மூளைக்கும் இதயத் தமனிக்கும் மட்டும் கூடவே கூடாது, அங்க ஒரு குமிழி அடைச்சாலே ஆபத்து. வாயு மேல மிதக்கும்ங்கிறதால குழாயோட கீழ்ப்பக்கம் நிரம்பாம அடைப்பு அதிகமா தெரியலாம், நிறமில்லாததால தப்பித்தவறி காத்து கலந்தா கண்ணுக்குத் தெரியாது, அதுக்குன்னு மூடிய டெலிவரி செட் வேணும், பழகின கை வேணும். இதெல்லாம் இருந்தும் கிட்னி பலவீனமான ஒருத்தருக்கு கால் ஆஞ்சியோன்னா இதைக் கேட்டுப் பார்க்கிறது நியாயமான கேள்வின்னு நான் நம்புறேன், பல இடத்துல பழக்கம் இல்லாததாலேயே பயன்படுத்தாம விட்டுடறாங்க.

கடோலினியம் கதை ஒரு எச்சரிக்கை. எம்ஆர்ஐல போடுற மருந்து, கிட்னிக்கு நல்லதுன்னு நினைச்சு அயோடினுக்குப் பதிலா எக்ஸ்ரேக்கே போட்டுப் பார்த்தாங்க. ஆனா எம்ஆர்ஐக்கு கொஞ்சம் போதும், எக்ஸ்ரேக்கு அணுக்கள் கூட்டமா வேணும், கடோலினியம் மூலக்கூறுல ஒரே ஒரு உலோக அணுதான், ஒரே அளவு திரவத்துல எண்ணினா அயோடின் அணுக்கள்ல அஞ்சுல ஒரு பங்குதான் கிடைக்கும், படம் மங்கல், அதை ஈடுகட்ட டோஸை ஏத்தினாங்க. 2006ல கிட்னி செயலிழந்தவங்களுக்கு கடோலினியத்தால தோலும் மூட்டும் கல்லாட்டம் இறுகிப் போற நோய் வருதுன்னு தெரிஞ்சுது. யாருக்காக அதைத் தேர்ந்தெடுத்தாங்களோ அவங்களுக்கே அது எமனாச்சு, காரணம் திரும்பவும் அதேதான், கிட்னி தள்ள முடியாம உள்ளயே தேங்கினதுல உலோகம் பிரிஞ்சு திசுவுல படிஞ்சுது.

அடுத்தது நானோ துகள்கள். 2006ல ஹைன்ஃபெல்ட் குழு 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை எலிக்குப் போட்டு அருமையான ரத்தக்குழாய் படங்களைக் காட்டினாங்க, அதே வருஷம் பிஸ்மத் சல்ஃபைடு துகளும் வந்துச்சு, அப்புறம் இட்டெர்பியம், டங்ஸ்டன், தாண்டலம் ஆக்சைடுன்னு வரிசையா. ஒரு துகளுக்குள்ள ஆயிரக்கணக்கான கனமான அணுக்களை அடைக்கலாம், அதனால ஆஸ்மோலாலிட்டி தொல்லை தீர்ந்துச்சு. சிக்கல் எங்கன்னா சைஸ்ல. 2007ல சோய் குழு அளந்து காட்டின மாதிரி சுமார் 5.5 நானோமீட்டருக்கு கீழ இருந்தாதான் கிட்னி வடிகட்டி யூரின்ல விடும், அதுக்கு மேல போனா கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சுக்கும், தோரோட்ராஸ்ட் போன அதே வீடு. சரி சின்னதாவே செய்வோம்னா, சின்னத் துகளுக்கு மேல பூச்சு வேணும், பூச்சு இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ரத்தப் புரதம் வந்து மேல படிஞ்சு சைஸ் பெருசாகும், பூச்சு கனமா போட்டா அதுவே இடத்தை அடைச்சுக்கும், கிராம் கணக்குல உலோகம் வேணும்னு செறிவை ஏத்தினா திரவம் பாகு மாதிரி ஆகி மெல்லிய ஊசியில இறங்காது. எலிக்கு ஒரு துளி போட்டு படம் எடுக்கிறதுக்கும் 80 கிலோ மனுஷனுக்கு பத்து இருபது கிராம் போடுறதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் இதுதான். தங்கத்தை அந்த அளவுக்குப் போடணும்னா விலையே வழியை அடைச்சுடும்.

இருக்கிறதுல எனக்கு நம்பிக்கை தர்றது தாண்டலம். உடம்பு இதை நல்லா தாங்கும்னு வேற வழியில ஏற்கனவே தெரியும், எலும்பு இம்பிளான்ட்ல இருக்கு, மூளை ரத்தக்குழாய் கோளாறுகளை அடைக்கிற ஆனிக்ஸ்ங்கிற மருந்துல தாண்டலம் பவுடர் கலந்துதான் எக்ஸ்ரேல தெரிய வைக்கிறாங்க. ஜிஇயோட ஆராய்ச்சிக் கூடத்துல தாண்டலம் ஆக்சைடு கருவுக்கு மேல பிளஸ்ஸும் மைனஸும் சமமா இருக்கிற ஸ்விட்டர்அயானிக் பூச்சு போட்டு, புரதம் ஒட்டாத, கிட்னி வழியா போகக்கூடிய குட்டித் துகள்களை செஞ்சு விலங்குகள்ல சோதிச்சிருக்காங்க. இதுல இன்னொரு லாபம், அயோடினும் கால்சியமும் சிடில ஒரே மாதிரி வெள்ளையா தெரியும், அதனால சுண்ணாம்பு படிஞ்ச தமனியில எது அடைப்பு எது ரத்தம்னு குழப்பும், தாண்டலத்தோட எட்ஜ் 67ல இருக்கிறதால ரெண்டு சக்தியில ஸ்கேன் பண்ணா கால்சியத்தைத் தனியா உரிச்சு எடுக்கலாம்.

ஸ்கேனர்களும் மாறிட்டு வருது. 2021ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச ஃபோட்டான் கவுண்டிங் சிடி ஒவ்வொரு எக்ஸ்ரே துகளையும் எண்ணி அதோட சக்தியையும் குறிச்சுக்கும், இது மாதிரி மெஷின் வந்ததுக்கு அப்புறம்தான் 50ல இருந்து 90க்குள்ள எட்ஜ் இருக்கிற தனிமங்களுக்கு உண்மையான மதிப்பு. ஆனா அதே மெஷின், அதே மாதிரி கிலோவோல்ட் குறைச்சு எடுக்கிற சாதா சிடி கூட, பழைய அயோடினையே கணிசமா குறைச்சுப் போட்டு அதே தரத்துல படம் எடுக்க விடுது. புது மருந்துக்கு இதுதான் பெரிய போட்டி. நோயைக் குணப்படுத்துற மருந்துன்னா கொஞ்சம் பக்கவிளைவு பொறுத்துக்கலாம், டைங்கிறது பாதி நேரம் ஒண்ணும் இல்லன்னு உறுதிப்படுத்த நல்லா இருக்கிறவங்களுக்கும் போடுறது, கிராம் கணக்குல போடுறது, திரும்பத் திரும்ப போடுறது, எதிர்ல மலிவான பழைய அயோடின் நிக்குது. இத்தனை செலவு பண்ணி வருஷக்கணக்கா சோதிக்க எந்த கம்பெனிக்கு மனசு வரும்? பொதுப் பணம் வந்தா மட்டும்தான் இது நகரும்னு நினைக்கிறேன், ஏன்னா தேவைப்படுறவங்க எண்ணிக்கையில குறைவு, ஆனா அவங்களுக்கு வேற வழி குறைவு.

இந்தத் துறையில புது ஆய்வுக் கட்டுரை வந்தா முதல் பக்கத்துல எலியோட ரத்தக்குழாய் எல்லாம் மரத்துக் கிளை மாதிரி பளபளன்னு ஒரு படம் இருக்கும். நான் அதைத் தாண்டி நேரா உள்ள போய் தேடுறது ஒரு சின்ன டேபிளை, ஊசி போட்டு ஒரு வாரம், ஒரு மாசம் கழிச்சு கல்லீரல்ல எத்தனை சதவீதம் மிச்சம் இருந்துச்சுன்னு. பல கட்டுரையில அந்த டேபிள் 24 மணி நேரத்தோட நின்னு போயிருக்கும்.